வெளுத்த கோப்பு

— என் ஃபைலைக் குடுங்க சார். முழு ஃபைலும் வேணும். சேர்ந்த அன்னிக்கு நான் போட்ட கையெழுத்துலேர்ந்து, கடைசியா எனக்குக் குடுத்த மெமோ வரைக்கும். அந்த மெமோதான் முக்கியமா வேணும்.

— வந்ததும் வராததுமா ஃபைலு, மெமோ! நல்லா இருக்கியான்னு ஒரு வார்த்தை கேட்க விட மாட்டியா, பட்டதாரி? உட்காரு முதல்ல.

— நல்லா இருக்கேன் சார். உட்கார வரல.

— அதாவது, கேளு. இந்தச் சலவைக் கம்பெனி பர்சனல் செக்‌ஷன்ல உட்கார்ந்து நான் எத்தனையோ பேரைப் பார்த்தாச்சு. வேலையை விட்டவங்க வருவாங்க. சர்வீஸ் சர்ட்டிஃபிகேட் கேட்பாங்க, பி.எஃப். நம்பர் கேட்பாங்க. ஒருத்தன் விட்டுட்டுப் போன குடையைக் கேட்டு வந்தான். ஆனா, எனக்குக் குடுத்த மெமோவைத் திருப்பிக் குடுங்கன்னு கேட்டு வந்த ஆள் நீ ஒருத்திதான்.

— கேட்காதேன்னுதான் எல்லாரும் சொன்னாங்க. எங்கம்மா, பழைய எஜமான்கிட்ட எதை வேணா கேளு, ஃபைலை மட்டும் கேட்டுடாதே, தெரியாம இருக்கிறதெல்லாம் தெரிஞ்சு போயிடும்னாங்க. புது இடத்துல கூட வேலை பார்க்குறவ, உனக்கென்ன பைத்தியமான்னா. ஏன் கேட்கக் கூடாது? என் பேர் போட்ட ஃபைல். ஊர்ல இருக்கிற அத்தனை மேனேஜரும் புரட்டிப் பார்க்கலாம், நான் பார்க்கக் கூடாதா?

— கூடாதுன்னு நான் சொன்னேனா? எழுதிக் கேட்டா காட்டணும்னு விதியே இருக்கு.

— எழுதிட்டுத்தான் வந்திருக்கேன். இந்தாங்க. உங்க கையெழுத்து, தேதி, ஆபீஸ் முத்திரை, மூணும் போட்டு ஒரு காப்பி எனக்குக் குடுத்துடுங்க.

— அடேயப்பா. என்கிட்டயேவா?

— உங்ககிட்ட மட்டும் இல்ல. யார்கிட்டயும் இப்பல்லாம் அப்படித்தான்.

— கொஞ்சம் மெல்லப் பேசு. பக்கத்து ரூம்ல மேனேஜர் இருக்கார். நடுவுல இருக்கிறது பலகைதான், சுவர் இல்ல.

— கேட்கட்டும்.

— நீ மாறவே இல்ல... ரெக்கார்டம்மா! கொஞ்சம் இப்படி வாங்க! வேலையை விட்டவங்க அலமாரியில, நம்ம பட்டதாரியோட ஃபைலை எடுத்துட்டு வாங்க.

— யாரு, இவளா! அடி என் கண்ணே! குரலைக் கேட்டப்பவே நினைச்சேன், துணி தேய்க்கற ரோலர் சத்தத்துக்கு மேல கத்திப் பழகின தொண்டை இது ஒண்ணுதானே. என்னடி இது, இப்படி இளைச்சுப் போயிட்டே? நீ இப்ப வேலை பார்க்கற ஆஸ்பத்திரியில சோறு போடறாங்களா, மாத்திரை போடறாங்களா?

— ரெண்டும் போடறாங்க அக்கா. நீங்க எப்படி இருக்கீங்க?

— எனக்கென்ன, தூசியைத் தின்னுட்டு நல்லாத்தான் இருக்கேன். ரெக்கார்டு ரூம் ஜன்னலை இன்னும் சரி பண்ணல. இருக்கிற அத்தனை பேரோட ஜாதகத்தையும் நான் காவல் காக்கறேன், எனக்கு ஒரு காத்தாடி இல்ல. இரு, எடுத்துட்டு வரேன். ஏதுக்கு ஃபைலு? வேற வேலைக்குப் போறியா?

— இல்லக்கா. சிட்டுவுக்காக... என்னக்கா? சிட்டுன்னதும் ரெண்டு பேரும் தரையைப் பார்க்கறீங்க.

— பார்க்காம என்ன செய்யறது? மடிப்பு மேசையில எதிரெதிரா நின்னு என் கூட வேலை பார்த்தவ. நீ போனப்புறம்தான் அவளை ரோலருக்கு மாத்தினாங்க. போனவாரம் ஆம்புலன்ஸ் வந்தப்ப நான்தான் அவ செருப்பைத் தேடி எடுத்துட்டு ஓடினேன். கை போனவளுக்கு செருப்பு எதுக்குன்னு அப்புறம்தான் தோணுச்சு. நான் போய் ஃபைலை எடுத்துட்டு வரேன்.

— பார்த்தியா, அந்தம்மாவையும் அழ வெச்சுட்டே.

— நான் வெச்சேனா சார்? சரி, நேரா சொல்றேன். நேத்து ஆஸ்பத்திரி வார்டுல சிட்டுவைப் பார்த்தேன். வலது கையில கட்டைவிரல் தவிர ஒண்ணும் இல்ல. கட்டைப் பிரிக்கக்கூட இல்ல, அதுக்குள்ள கம்பெனியிலேர்ந்து குற்றப்பத்திரிகை. ரோலர்ல தடுப்புக் கம்பியை அவளே துணியால கட்டிட்டாளாம். அதனாலதான் கை உள்ள போனப்ப மெஷின் நிக்கலையாம். அவ தப்பாம். வேலையை விட்டு ஏன் நீக்கக் கூடாதுன்னு பதில் எழுதணுமாம். எந்தக் கையால சார் எழுதுவா?

— தெரியும்.

— தெரியுமா?

— அந்தக் கடுதாசியையும் நான்தானே டைப் அடிச்சேன். மேனேஜர் சொல்லச் சொல்ல.

— ஓ.

— முறைக்காதே. அதாவது, கேளு. இந்த ஆபீஸ்ல யார் தலையில எது விழுந்தாலும் அது என் மெஷின் வழியாத்தான் போகும். என் தலையெழுத்து அது.

— நான் ஷிப்ட் இன்சார்ஜா இருந்தப்பவே அந்தக் கம்பி கட்டித்தான் சார் இருந்தது. ஆஸ்பத்திரிக் கனத்த விரிப்பு உள்ள போறப்பல்லாம் கம்பி தூக்கும், ரோலர் நிக்கும், நின்ன இடத்துல துணி கருகும். தினம் போக வேண்டிய எண்ணிக்கை குறையுது, கட்டி வைங்கன்னு மேனேஜர் சொன்னார். பழைய விரிப்பைக் கிழிச்சு நாடா மாதிரி கட்டினாங்க. நான் அவிழ்க்கச் சொன்னேன். யாரும் கேட்கல. மெயின் ஸ்விட்சை இறக்கிட்டு, முன்னாடி ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துட்டேன்.

— உட்கார்ந்ததை இந்தக் கம்பெனி இன்னும் மறக்கல. அன்னிக்கு ஆஸ்பத்திரி வண்டி வெறுமனே திரும்பிப் போச்சு.

— அதுக்குத்தானே மெமோ. அனுமதி இல்லாம மெஷினை நிறுத்தினேன், மேலதிகாரிகிட்ட குரலை உயர்த்தினேன். அந்த மெமோல நான் என்ன சொன்னேன்னும் எழுதியிருந்தாங்க சார். அதுதான் எனக்கு வேணும். கம்பியைக் கட்டி வெச்சிருக்கீங்கன்னு நான் எத்தனை தடவை வாயால சொன்னேன், ஒருத்தர்கூட அதை எழுதிக்கல. என்னைக் குத்தம் சொல்லணும்னப்பதான் நான் சொன்னது காகிதத்துல ஏறுச்சு. அந்தக் காகிதம் இருந்தா, சிட்டு அந்த ரோலருக்கு வர்றதுக்கு முன்னாடியே கம்பி கட்டியிருந்தது, கம்பெனிக்கும் தெரியும்னு ஆகிடும். தொழிற்சாலை ஆய்வாளர் நாளைக்கு விசாரணைக்கு வரார்.

— அப்படியா சங்கதி.

— அதுதான் சங்கதி.

— இந்தாடி, உன் ஃபைலு. தூசி தட்டித்தான் குடுக்கறேன், தும்மாதே.

— தாங்க்ஸ்க்கா... விண்ணப்பம். சர்ட்டிஃபிகேட் நகல். மெடிக்கல். இது என்ன, என் போட்டோவா? ஐயோ, பயந்த கோழி மாதிரி இருக்கேன். வேலை உத்தரவு. லீவு லெட்டர். அப்பாவுக்கு ஆபரேஷன்னு எழுதினது. ராஜினாமா. ரிலீவிங் ஆர்டர்... சார்.

— ம்.

— மெமோ எங்க? மெமோவும் இல்ல, நான் எழுதின விளக்கமும் இல்ல, எச்சரிக்கைக் கடிதமும் இல்ல. பக்கத்துக்கெல்லாம் வரிசையா நம்பர்கூட போட்டிருக்கு, நடுவுல ஒண்ணும் விட்டுப் போகல. யார் எடுத்தா? மேனேஜரா? ஆக்சிடென்ட் ஆனதும் வந்து உருவிட்டாரா? நேரா சொல்லுங்க சார்!

— மெல்ல.

— மெல்லப் பேசிப் பேசித்தானே சார் இங்க எல்லாரும்...

— நான் எடுத்தேன்.

— நீங்களா?

— ஆமா. நான்தான். நீ போன அன்னிக்கே.

— அவ முகத்தைப் பார்த்தா அடிச்சிடுவா போல இருக்கே. சாரு, விவரமா சொல்லுங்க. சரி, நானே சொல்றேன்டி. இங்க ஒரு வழக்கம். உனக்குத் தெரியாது, போறவங்களுக்குத் தெரிய விட மாட்டோம். வேலையை விட்டு ஒருத்தர் நல்லபடியா போறாங்கன்னா, அன்னிக்கு சாயங்காலம் சாரு அவங்க ஃபைலைக் கேட்பாரு. மெமோ, விளக்கம், எச்சரிக்கை எல்லாத்தையும் உருவிடுவாரு. பக்கத்துக்கு மறுபடி நம்பர் போடுவாரு. உருவினதை நான் கொண்டு போய் பாய்லர்ல போட்டுட்டு வந்துடுவேன். வெளுத்து அனுப்பறதுன்னு நாங்க ரெண்டு பேரும் சொல்லிக்குவோம்.

— சலவைக் கம்பெனியிலேர்ந்து ஒருத்தர் அழுக்கோட போகலாமா?

— ஜோக் அடிக்காதீங்க சார்.

— ஜோக் இல்லம்மா. அதாவது, கேளு. இங்க மெமோ எதுக்கெல்லாம் குடுக்கறாங்கன்னு உனக்குத் தெரியுமா? ஷிப்ட்ல சிரிச்சாங்கன்னு ஒருத்திக்கு. தலையில பாத்திரத்தைக் கவுத்துட்டு ஆடினான்னு ஒருத்தனுக்கு.

— அவன் நல்லா ஆடினான் சாரு, அதையும் சொல்லுங்க.

— மேனேஜருக்கு காலையில கோவம் வரும், என்னைக் கூப்பிட்டு எழுதச் சொல்வார். சாயங்காலம் கோவம் போயிடும். காகிதம் போகாது. அந்த ஆள் எங்க வேலைக்குப் போனாலும் இது பின்னாலேயே போகும். எங்கேயோ ஒரு ஆபீஸ்ல என்னை மாதிரி ஒருத்தன் அதைப் பிரிச்சுப் படிச்சுட்டு, இந்த ஆள் வேண்டாம்னு மூடி வெச்சுடுவான். நான் டைப் அடிச்ச காகிதத்தால ஒருத்தர் வாசல்ல நிக்கறதா? அதான் எடுத்துடுவேன். இதுவரைக்கும் யாருக்கும் இதனால கெடுதல் வந்ததில்ல.

— இப்ப வந்திருக்கு.

— இப்ப வந்திருக்கு. ஆமா.

— என்கிட்ட இருந்த காப்பியையும் நீங்கதானே சார் வாங்கினீங்க? கடைசி நாள். எதுக்கு இதைச் சுமக்கறே, எங்கிட்ட குடுத்துட்டு நிம்மதியாப் போன்னீங்க. பையிலேர்ந்து நானே எடுத்துக் குடுத்தேன். தாங்க்ஸ் வேற சொன்னேன்.

— சொன்னே. கண்ணு கலங்கிச் சொன்னே.

— எனக்கு அப்ப தெரியல சார்.

— எனக்கும்தான் தெரியல. உன் காகிதத்துல இன்னொருத்தியோட கை இருக்கும்னு நான் எப்படிம்மா நினைப்பேன்? கோவப்படறதுன்னா படு. கத்தறதுன்னா கத்து. பலகைச் சுவர்னு பார்க்க வேண்டாம்.

— கத்தத்தான் சார் வந்தேன். பஸ்ல வர்றப்ப வழியெல்லாம் ஒத்திகை பார்த்துட்டு வந்தேன். இப்ப கத்த வரல.

— தண்ணி குடிடி. இந்தா. உட்காரு, நின்னது போதும்.

— உங்க மேல கோவமே பட முடியல, அதுதான் எனக்கு எரிச்சல். இன்டர்வியூ ஞாபகம் இருக்கா சார்? சர்ட்டிஃபிகேட்டை மடக்காம கொண்டு வரணும்னு ஜவுளிக்கடை அட்டைப்பெட்டி மூடியில வெச்சுக் கட்டிக்கொண்டு வந்தேன். உள்ள இருந்தவங்க சிரிச்சாங்க. அப்பா என்ன பண்றார்னு மேனேஜர் கேட்டார். மூட்டை தூக்கறார்னேன். அவர் பேனாவை மூடிட்டார்.

— ம். மூடிட்டார்.

— நீங்க ஓரத்துல உட்கார்ந்திருந்தீங்க. சார், நமக்கு தினம் வர்றதும் மூட்டைதான், இந்தப் பொண்ணுக்கு மூட்டைன்னா பயம் இருக்காதுன்னீங்க. அவர் சிரிச்சுட்டு பேனாவைத் திறந்தார். எங்க வம்சத்துல முதல் சம்பளம் எழுதின பேனா சார் அது. அப்புறம் கட்டை விரல் தெரியற செருப்போட வந்தேன்னு ஃபோர்மேன் வெளிய நிறுத்தினப்ப, ஸ்டோர்லேர்ந்து ஷூவை முன்கூட்டியே எடுத்துக் குடுத்தது யாரு?

— அது ஷூவா? ஆம்பளை சைஸு. படகு மாதிரி ரெண்டு. முன்னாடி பேப்பரைத் திணிச்சுட்டு தொபுக்கு தொபுக்குன்னு நடந்தாளே!

— அக்கா!

— சொல்றேன்னு தப்பா நினைக்காதே. வாத்து மாதிரியே இருந்தே.

— அப்பா ஆஸ்பத்திரியில இருந்தப்ப லீவு இல்லாத எனக்கு லீவு போட்டது. இந்தப் புது வேலைக்கு அவங்க இங்க போன் பண்ணி விசாரிச்சப்ப...

— அதை யார் சொன்னா உனக்கு?

— அவங்களே சொன்னாங்க. உங்களைப் பத்திக் கேட்டோம், ஃபைல்ல ஒரு கறை இல்ல, நீங்க எடுக்கலைன்னா நாங்களே திரும்பக் கூப்பிட்டுப்போம்னு ஒருத்தர் சொன்னார்னாங்க. எனக்கும் இன்னொருத்தருக்கும் நடுவுல இழுபறியா இருந்ததாம். அந்த ஒரு போன்ல முடிஞ்சுதாம். இன்னிக்கு அந்தச் சம்பளத்துலதான் சார் எங்க வீடு நிக்குது. நான் நன்றி கெட்டவ இல்ல.

— அதைத்தான் நானும் சொல்ல வரேன். கேளு. நாளைக்கு விசாரணையில போய் நீ நின்னு, எனக்கு மெமோ குடுத்தாங்க, எச்சரிச்சாங்க, அதனாலதான் வேலையை விட்டேன்னு சொன்னா, அது உன் புது ஆபீஸுக்குப் போகாதுன்னு நினைக்கறியா? அவங்க துணி இங்கதான் வெளுக்க வருது. நம்ம மேனேஜர் ஒரு போன் போட்டாப் போதும். கறையே இல்லன்னீங்களேன்னு அவங்க என்னைக் கேட்பாங்க. உன்னையும் கேட்பாங்க.

— கேட்டாச்சு. இன்னிக்குக் காலையில நானே போய் சொல்லிட்டேன்.

— என்னது!

— எனக்குப் பழைய இடத்துல மெமோ உண்டு, இன்ன காரணம், நாளைக்கு அரைநாள் லீவு வேணும்னேன். யோசிச்சு சொல்றோம்னாங்க. யோசிக்கட்டும்.

— இவ திருந்த மாட்டா சாரு. ஆமாங்கறேன். பெத்தவளுக்குச் சொன்னியாடி?

— இன்னும் இல்ல. அதுக்குத்தான் எனக்கே பயமா இருக்கு.

— இரு, போன். ஹலோ... ஆமா சார்... ஆமா சார், இங்கதான் இருக்கா... தன் ஃபைலைப் பார்க்கணும்னு எழுதிக் குடுத்திருக்கா சார்... விதிப்படி காட்டணும் சார், காட்டிட்டேன்... இல்ல சார், அதுல ஒண்ணும் இல்ல... ஆமா சார்... எந்த மெமோ சார்?... சரி சார்... கேட்டுது சார். நல்லாவே கேட்டுது. வெக்கறேன் சார்.

— மேனேஜர் என்ன சொல்றார்?

— ஒண்ணுமில்ல.

— சார்.

— காட்டினதோட நிறுத்தாதே, அப்படி ஒரு மெமோ எப்பவுமே குடுத்ததில்லன்னு அவகிட்ட தெளிவாச் சொல்லி அனுப்புன்னார். நாளைக்கு யார் கேட்டாலும் அதையே சொல்லணுமாம்.

— சரி. சொல்லுங்க.

— என்னத்தை?

— அவர் சொல்லச் சொன்னதை. அப்படி ஒரு மெமோவே கிடையாதுன்னு என் முகத்தைப் பார்த்து ஒரு தடவை சொல்லுங்க. நான் எழுந்து போயிடறேன். உங்களுக்குத் தொந்தரவே குடுக்க மாட்டேன். சத்தியமா.

— விளையாடறியா?

— இல்ல சார். நிஜமாத்தான் கேட்கறேன். சொல்லிடுங்க. நான் தப்பா நினைக்க மாட்டேன்.

— சொல்லித் தொலைங்களேன் சாரு. காகிதம்தான் சாம்பலாப் போச்சே. உங்களுக்கு எதுக்கு வம்பு?

— அந்த மெமோவை நான் ரெண்டு தடவை டைப் அடிச்சேன், தெரியுமா உங்களுக்கு? முதல் தடவை, தகாத வார்த்தை பேசினார்னு மட்டும் போட்டுக் கொண்டு போனேன். மேனேஜர் தூக்கி எறிஞ்சார். அவ என்ன வார்த்தை சொன்னாளோ அதை அப்படியே போடு, அவ வாய்த்துடுக்கு படிக்கறவனுக்குத் தெரியட்டும்னார். திரும்பி வந்து உட்கார்ந்து அடிச்சேன். “அந்தத் துணியை அவிழ்த்துட்டு வாங்க, அப்புறம் மெஷினைப் போடறேன். ஒருத்தியோட கை உள்ள போனா, அதை எந்தக் கணக்குல மடிச்சு வைப்பீங்க?” அப்படியே மேற்கோள் குறி போட்டு அடிச்சேன். ஒரு எழுத்து மாத்தல. போனவாரம் சிட்டுவோட கடுதாசியை அடிக்கறப்ப, கை உள்ள போனப்பன்னு வர்ற இடத்துல விரல் நின்னு போச்சு. மேனேஜர், என்னய்யா தூங்கறியான்னார். இல்லாததை இல்லைன்னு சொல்லலாம். என் கையால அடிச்சதை எப்படிம்மா இல்லைன்னு சொல்ல?

— சொல்ல முடியலை, இல்லையா சார்?

— முடியல. ஆனா அதனால உனக்கு என்ன ஆகப் போகுது? என் வாயில இருக்கு, காகிதத்துல இல்ல. வாயை எந்த ஃபைல்ல வெச்சுக் கட்டறது? ஒண்ணு வேணா செய்யறேன். பக்கம் நம்பர் போட்டு, ஃபைலோட நகல் முழுசும் சான்று பண்ணித் தரேன். விதிப்படி உனக்கு உண்டு.

— வேண்டாம் சார். அதுல மெமோ இல்லன்னு உங்க கையெழுத்தே சொல்லும். மேனேஜருக்குத்தான் அது உதவும்.

— அட, ஆமாம். எனக்குத் தோணவே இல்ல பார்.

— நல்லது பண்ற அவசரத்துல சாருக்கு எதுவுமே தோணாது. ஆமாங்கறேன். நானும்தான், குடுத்ததை வாங்கி பாய்லர்ல போட்டுட்டு கையைத் துடைச்சிட்டு வந்தவ. ஒரு தடவையாவது என்ன எழுதியிருக்குன்னு படிச்சிருக்கலாம்.

— விடுங்கக்கா. நீங்க படிச்சிருந்தா அன்னிக்கே சத்தம் போட்டிருப்பீங்க, உங்களுக்கும் ஒரு மெமோ வந்திருக்கும்.

— சாரு அதையும் வெளுத்திருப்பாரு!

— சிரிங்க, ரெண்டு பேரும் சிரிங்க. எனக்கும் ஒரு ஃபைல் இருக்கு, அந்த அலமாரியில மேல் தட்டு. இத்தனை வருஷத்துல ஒரு மெமோ கிடையாது. கம்பெனி ஆவணத்தை அழிச்சேன்னு மட்டும் தெரிஞ்சா, அதுல முதல் காகிதமே கடைசிக் காகிதமா இருக்கும். வீட்டுல சொல்லிக்க முடியுமா? பர்சனல் ஆபீஸரையே பர்சனல் ஆபீஸ்லேர்ந்து...

— தெரியும் சார். யோசிக்காம வரல.

— என்ன யோசிச்சே? ஏன் பையை எடுக்கறே? அதுக்குள்ள கிளம்பிட்டியா?

— கிளம்பறேன். வந்த வேலை முடிஞ்சுது.

— என்ன முடிஞ்சுது? வெறுங்கையோட போறே. கோவமா?

— இல்ல சார். நான் யார்கிட்டயும் இவ்வளவு நன்றியா இருந்ததில்ல. அதைச் சரியாச் சொல்லக்கூட எனக்கு வராது, சண்டை போடற மாதிரியே வரும். நீங்க பேனாவைத் திறக்க வெச்சதுக்கு, ஷூவுக்கு, லீவுக்கு, அந்தப் போனுக்கு. என் ஃபைலை வெளுத்ததுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன். அதுல மத்தவங்க எழுதினதை எடுத்துட்டு, நான் வேற மாதிரி ஆளுன்னு எனக்காக நினைச்ச ஒரே ஆள் நீங்கதான்.

— போதும், போதும். நீ இப்படிப் பேசினா எனக்குப் பயமா இருக்கு. திட்டு, அது பழக்கம்.

— அடியே, நில்லுடி. மழை தூறுது. ஒரு வாய் டீ குடிச்சுட்டுப் போ. வெச்சிருக்கேன்.

— இல்லக்கா, சிட்டுவைப் பார்க்கற நேரம் முடிஞ்சிடும். அவ கேட்டுட்டே இருப்பா.

— அவகிட்ட என்னன்னு சொல்லுவே? காகிதம் எரிஞ்சு போச்சுன்னா?

— காகிதம் இல்ல, ஆள் இருக்குன்னு சொல்லுவேன்.

— எந்த ஆளு?

— நேத்து ஆய்வாளர் சாட்சிப் பேர் கேட்டார் சார், என் பேருக்குக் கீழ உங்க பேரை எழுதிக் குடுத்துட்டேன். அப்படி ஒரு மெமோவே இல்லன்னு இன்னிக்கு என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தீங்கன்னா, இங்கேர்ந்து நேராப் போய் அந்தப் பேரை அடிச்சிருப்பேன்... வரேன் சார், வரேன்க்கா.